லண்டன் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்: எடுத்துப் பார்த்தவன் போடும் நட்சத்திரங்கள்

கொத்துரொட்டிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நட்சத்திரம் போடுகிறோம். பிரிட்டனின் அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் இலவசமாகத் தரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சேவைக்கு மட்டும் யாரும் போட்டதாக நான் காணவில்லை. லண்டனில் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று இவ்வளவு தமிழர் இருக்கிறோம். 2011 குடிசன மதிப்பீட்டிலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று பதிந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். ஆனாலும் அப்படி ஒரு சேவை இருப்பதே பல வீடுகளில் தெரியாது. தெரிந்தவர்களும் "அது ஆங்கிலம் தெரிஞ்ச பிள்ளை இல்லாதாக்களுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன். நேரில் வந்த மொழிபெயர்ப்பாளர் அருமை. தொலைபேசியில் வருபவர் ஆளைப் பொறுத்தது. காணொளி அம்மாவுக்குச் சரிவரவில்லை. பதிவு செய்யும் முறைதான் எரிச்சல்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, ஊர் சாவகச்சேரிப் பக்கம். சீனி வருத்தம், முழங்கால், கண்ணில் புரை, வலது காதில் கேட்கும் கருவி. ஆங்கிலத்தில் அவருக்கு வசமானவை 'தாங்க்யூ'வும் 'நோ பெயின்' என்பதும். இரண்டாவதை வலி உயிரை எடுக்கும்போதும் சொல்வார். அதனால் நான், மனைவி, மகள் என்று யாராவது வேலையையோ பள்ளிக்கூடத்தையோ விட்டுவிட்டுக் கூடப் போவோம். போனால் என்ன நடக்கும்? டொக்டர் ஐந்து வசனம் சொல்வார், நான் "ஒண்டும் இல்லையாம், குளிசையைப் போடட்டாம்" என்பேன். கெட்ட செய்தியென்றால் இன்னும் வடிகட்டுவோம். வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது.

அம்மாவுக்குச் சிறுநீர் அடக்க முடியாத பிரச்சினை கன காலமாக இருந்திருக்கிறது. கிளினிக்கில் நான் பக்கத்தில் இருக்கும்வரை அதைப் பற்றி ஒரு சொல் வெளியே வரவில்லை. எப்படி வரும்? மகனிடம் சொல்லும் விஷயமா அது? பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டு எடுத்து, நான் வெளியே வாங்கில் இருந்தேன். கதவு திறக்க நெடுநேரம் ஆனது. அம்மா கையில் பயிற்சித் தாள் ஒன்றும் அடுத்த கிளினிக்குக்கான குறிப்பும் இருந்தன. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தச் சேவையின் பெறுமதி அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான் எழுந்து போகுமுன், இங்கே கதைப்பது எதுவும் வெளியே போகாது என்று இரண்டு மொழியிலும் சொன்னார். அம்மா "எனக்கு இரவில நித்திரை இல்லை" என்றால் அவரும் "எனக்கு" என்றே ஆங்கிலத்தில் சொன்னார். "அவவுக்கு நித்திரை இல்லையாம்" என்று தன் கதையாக மாற்றவில்லை. டொக்டரும் அவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

நம் ஆள் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி "பிள்ளை ஊரில எவடம்?" அவர் சிரித்தபடி, "அம்மா, முதல்ல டொக்டரோட கதைப்பம்" என்று தட்டிவிட்டார். எவ்வளவு பெரிய தொழில் திறமை! அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எவடம், யாருடைய பிள்ளை, அப்புறம் சாதி. பாகுபாட்டைத் தடுக்கும் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013 இல் பிரிட்டன் நாடாளுமன்றம் வழி செய்தது. 2018 இல் அரசாங்கம் அதைச் செய்யப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே ஊர் சொல்லாத மொழிபெயர்ப்பாளருக்கு என்னிடம் அரை நட்சத்திரம் கூடுதல்.

சாப்பாட்டு ஆலோசகரிடம் போனபோதும் நேரில் வந்த ஒருவர்தான். முன்பெல்லாம் அங்கே எத்தனை துண்டு பாண், எத்தனை உருளைக்கிழங்கு என்று கேட்டு, அம்மா தொடாத சாமான்களைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார்கள். இந்த முறை பிட்டு எவ்வளவு, இடியப்பம் எத்தனை, குத்தரிசியா வெள்ளை அரிசியா என்று கதை போனது. கோயில் விரத நாட்களில் குளிசையை என்ன செய்வது என்று அம்மா தானாகவே கேட்டார். இவ்வளவு காலமும் விரதத்தன்று குளிசையை விட்டுவிட்டு இருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

தொலைபேசிச் சேவை வேறு கதை. ஜிபி என்ற குடும்ப வைத்தியரிடம் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். மேசையில் போனை வைத்து ஒலியைக் கூட்டுவார்கள். காதுக் கருவி போட்ட ஒருவருக்கு இது பாதி கேட்கும், பாதி இரைச்சல். ஒரு நாள் வந்தவருக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுசன், ஆனால் அம்மா வேகமாகக் கதைத்தால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. பத்து நிமிட அப்பொயின்ட்மென்டில் இணைப்பு எடுக்கவே ஒரு பங்கு போய்விடும். அதனால் இரட்டை நேரம் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. தொலைவில் இருக்கும் முகம் தெரியாத ஆள், அடுத்த கலியாண வீட்டில் உங்களைச் சந்திக்க மாட்டார். மனநலப் பிரச்சினை, குடும்ப வன்முறை போன்ற விஷயம் என்றால் சிலர் இதையே விரும்புவார்கள்.

காணொளி என்பது சில்லுப் பூட்டிய கம்பத்தில் ஒரு திரை. படம் உறைந்தது, குரல் வந்தது. அவ்வளவுதான்.

இனி எரிச்சல். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாமாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. ஒரு வரவேற்பு மேசையில் என் பதினாலு வயது மகளைக் காட்டி, "இவர் சொல்லலாம்தானே?" என்றார்கள். ஜிபி, பல் வைத்தியர், மருந்தகம் போன்றவற்றுக்காக இங்கிலாந்து என்எச்எஸ் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளியிடம் இதற்குக் காசு வாங்கக்கூடாது, வீட்டாரை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிர்க்க வேண்டும், பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. மேசையில் இருந்தவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

கண் புரை ஒப்பரேசனுக்குச் சம்மதம் எழுதும் நாளில், பதிவு செய்தும் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "நீங்களே சொல்லிவிடுங்களேன், நேரம் மிச்சம்" என்றார் தாதி. நான் மறுத்தேன். பார்வை போகக்கூடிய ஆபத்து இவ்வளவு, தொற்று வரக்கூடிய ஆபத்து இவ்வளவு என்பதை நான் மொழிபெயர்த்து, கீழே அம்மா கையெழுத்துப் போடுவதா? சரி என்று இன்னொரு திகதி தந்தார்கள், அது வாரக்கணக்கில் தள்ளிப்போனது. ஆங்கிலம் தெரிந்த பக்கத்துக் கதிரைக்காரர் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். யாரும் எங்களைத் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் காத்திருந்தது அம்மா.

அந்த ஆஸ்பத்திரியின் பால்ஸ் என்ற நோயாளர் ஆலோசனைப் பிரிவுக்கு எழுதினேன். எழுதுவதற்காகத் தேடியதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. 2010 சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் இயல்புகள் ஒன்பது. வயது, ஊனம், இனம், மதம் எல்லாம் உண்டு, மொழி தனியாக இல்லை. இனத்துக்குள் தேசிய வேரும் அடங்குவதால் அந்த வழியாகத்தான் மொழி உள்ளே வர வேண்டும். காது கேளாமை போன்ற ஊனங்களுக்கோ 2016 இல் இருந்து தனியாக ஒரு தகவல் நியமம் இருக்கிறது. உங்களுக்கு எப்படித் தகவல் வேண்டும் என்று அவர்களே கேட்டு, பதிந்து, கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஆனால் வேற்று மொழி அந்த நியமத்தில் சேராது. அம்மாவின் பெயரைத் தட்டினால் காது பற்றிய எச்சரிக்கை பளிச்சென்று வந்ததும், தமிழ் பற்றி ஒன்றும் வராததும் அதனால்தான் போலும். பால்ஸில் இருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது. 'தமிழ் (இலங்கை), பெண், நேரில்' என்று கோப்பில் பதிந்தும் தந்தார்கள். நீங்களும் இந்த மூன்றையும் இதே மாதிரிப் பதியச் சொல்லுங்கள்.

கவுன்சில் என்ற உள்ளூராட்சிப் பக்கத்திலும் இதே மாதிரிச் சேவையைப் பயன்படுத்தினோம். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து குளிக்கவும் நடக்கவும் உதவுவார்கள். மீண்டும் தானாக இயங்கப் பழக்கும் இந்த உதவி இங்கிலாந்தில் ஆறு வாரம் வரை இலவசம். வந்தவர் கானாவைச் சேர்ந்த பெண். அம்மா "கறுப்பாக்கள் வேண்டாம், வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்றார். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. நான் மொழிபெயர்த்திருந்தால் "அம்மாவுக்கு வேறு நேரம் வசதியாம்" என்று பூசி மெழுகியிருப்பேன். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னதைச் சொன்னபடியே சொன்னார். சமூக சேவையாளரும் பதிலை நேராகத் தந்தார்: நிறத்தைக் காரணமாக வைத்து ஆளை மாற்ற மாட்டோம். இனவெறியோடு நடக்கும் நோயாளிக்கு, உயிராபத்து இல்லாத சிகிச்சையை மறுக்கலாம் என்று 2020 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் விதியே இருக்கிறது. கவுன்சிலில் அந்த அளவுக்குப் போகவில்லை. அம்மா கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பெண்ணோடு கையாலும் தலையாலும் கதைத்தார்.

சரி, நட்சத்திரம். நேரில் வருபவருக்கு ஐந்துக்கு நாலரை, ஊர் சொல்லாத அரையும் சேர்த்து ஐந்து. தொலைபேசிக்கு மூன்று, காணொளிக்கு ஒன்று, பதிவு முறைக்கு ஒன்றரை. கடிதங்களுக்குப் பூச்சியம். 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதிவு செய்யப்பட்டுள்ளார்' என்ற கடிதமே எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வருகிறது.