பழைய டர்போ காருக்கு ரீமேப் போடப் போறீங்களா? 38,000 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், அபார்த் புன்டோ மாதிரி பழைய டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்க. என்னுடையது 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஒரு ட்யூனிங் கடையில் ரீமேப்புக்கு (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவில் இருக்கிற ஃபைலை மாற்றி எழுதுவது) 38,000 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன். கடை பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், அதையும் கடைக்காரனே சொல்லிவிட்டான். அதனால் பெயர் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். ரீமேப் போடும்போது என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். இசியூவில் டர்போ பூஸ்ட், இக்னிஷன் டைமிங், பெட்ரோல் அளவு இதையெல்லாம் கொஞ்சம் மாற்றி எழுதினால் கூடுதல் பவர் கிடைக்கும், அது பொய்யில்லை. ஒழுங்காகச் செய்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் அவனை நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? விலை பேசும்போது அவனே சொன்னான், "அண்ணா, உங்க டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். நான் அதுக்கு ரொம்பக் கீழேயே நிறுத்திடுவேன், பேராசைப்பட மாட்டேன்." சரியான கணக்கு அது. ஏமாற்றுகிறவன் இப்படி அடக்கி வாசிப்பானா என்று நினைத்து அங்கேயே ஜிபேயில் 38,000 அனுப்பினேன். லேப்டாப்பை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் மாட்டினான், டீ வாங்கிக் கொடுத்தான், "ஒரிஜினல் ஃபைல் நம்மகிட்ட பத்திரமா இருக்குண்ணா" என்றான். வண்டி டைனோ (பவரை அளக்கிற உருளை மெஷின்) மேல் ஏறவே இல்லை, ஆனால் 142 குதிரைத்திறன் என்று கிராஃப் போட்ட பேப்பர் மட்டும் கைக்கு வந்தது.

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், வீட்டு ஆட்கள் எல்லாம் வண்டியில் இருக்க, அழுத்தி மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம், அதோடு வெட்டி வெட்டி இழுக்கிறது. போட்டிருந்தது சாதாரணத்தைவிட உசத்தியான 95 ஆக்டேன் பெட்ரோல். இன்ஜின் லைட்கூட எரியவில்லை.

போன் செய்தால் முதலில் "பெட்ரோல் பங்க்கை மாத்திப் பாருங்கண்ணா". அப்புறம் "பிளக் பழசா இருக்கும்". பிளக் மாற்றினேன், அது தனிச் செலவு. அப்புறம் "ஓட ஓட இசியூ கத்துக்கும்ணா, பொறுங்க". என்னத்தைக் கத்துக்கும், பிஸ்டன் ஓட்டையான பிறகா? ஒரிஜினல் ஃபைலையாவது திரும்ப ஏற்றிக் கொடு என்றதற்கு, அதை வைத்திருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். இப்போது மெசேஜில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் ஓனர் பெங்களூரில் இருக்கிறார் என்கிறார்கள்.

சேலத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். இசியூவைப் படித்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நாக்கிங் (நான் கேட்ட அந்தக் கூழாங்கல் சத்தம்தான்) வந்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிற பாதுகாப்பைப் பாதியாகக் குறைத்து, பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் லைட்டைப் போடுகிற மிஸ்ஃபயர் கோடு வராதபடி அணைத்தும் வைத்திருக்கிறான். லைட் எரியாத காரணம் இதுதான். அந்த கிராஃபைப் பார்த்து அவர் சிரித்தேவிட்டார். 4,500 ஆர்பிஎம்மோடு கோடு முடிந்துவிடுகிறது, இந்த வண்டிக்கு முழு பவரே 5,000-த்தில்தான் வரும். ஏதோ டீசல் வண்டியின் பேப்பரைக் கொடுத்து 38,000 வாங்கியிருக்கிறான்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரிஜினல் ஃபைலை உங்கள் பென்டிரைவில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. டைனோவில் உங்கள் வண்டியே ஏறணும், முன்னும் பின்னும். ஃபைல் ஏற்றும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருக்கணும், வோல்டேஜ் இறங்கினால் இசியூவே செத்துவிடும். ஜிஎஸ்டி பில் கேளுங்க. என்னிடம் பில் இல்லை, ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது, அதுவும் வேறு யாரோ பெயரில். நாளைக்கு அதோடு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன். அதே கடையில் மாட்டினவர்கள் யாராவது இருந்தால் மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து போகலாம்.