கிரேக்க விருந்தோம்பல்: சாந்தோரினி ஹோட்டலா, கிரீட் கிராமத்து அறையா?

கிரீஸ் போகிறவர்கள் இந்த இரண்டு தீவுகளில் எங்கே தங்குவது என்றுதான் அதிகம் குழம்புகிறார்கள்.

செலவு: சாந்தோரினியில் எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த அறை ஜூலை, ஆகஸ்டில் கையைக் கடிக்கும். கிரீட் கிராமங்களில் குடும்பங்கள் வாடகைக்கு விடும் அறை அதைவிட ரொம்பக் குறைவு.

வசதி: சாந்தோரினியில் பல ஹோட்டல்கள் நம்மை அழைத்துப் போக வண்டியே அனுப்பும். கிரீட்டில் மலைக் கிராமங்களுக்கு பஸ் அடிக்கடி கிடையாது, வாடகைக்கு கார் எடுங்கள்.

உபசரிப்பு: இதில் கிரீட்டுக்கு ஈடே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே பழமோ இனிப்போ, கூடவே திராட்சைச் சக்கையில் வடித்த சிகூதியா என்ற சாராயமும் மேசைக்கு வரும், பெரும்பாலும் அதற்குக் காசே வாங்க மாட்டார்கள். அந்நியரைக் காக்கும் கடவுளாக ஜீயஸையே வணங்கிய நாடு, அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

தேனிலவு, இரண்டே நாள் என்றால் சாந்தோரினி. ஒரு வாரம் இருக்கிறது, ஊர்க்காரர்களோடு பேசிப் பழக வேண்டும் என்றால் கிரீட்தான், அதுவும் ஆகஸ்டைத் தவிர்த்து.