501 பார் சோப்பும் இரண்டு வாளி மழைத் தண்ணீரும்

எங்கள் வீட்டில் துணி சோப்பு வாங்கி வந்தால் இரண்டு மாதத்துக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. அண்ணாச்சி கடையில் இருந்து முழு பாராக வரும். ஆச்சி தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பாரை வைத்து, சாக்கு தைக்கும் நூலைச் சுற்றி இறுக்கி இழுப்பாள். கத்தி வைத்தால் ஓரம் உதிர்ந்துவிடும். நூல் என்றால் அவித்த முட்டையை அறுப்பது போல நறுக்கென்று விழும். அறுத்த துண்டுகளை அடுப்படிக்கு மேலே இருந்த மச்சில், சூளையில் செங்கல் அடுக்குவது போல இடைவெளி விட்டு அடுக்குவாள். "பச்ச சோப்புட்டி. இப்ப எடுத்தா ஆத்தோட போயிரும். காயட்டும்."

அவள் சொன்னது முழுக்கச் சரி என்று பிறகு தெரிந்தது. புதுக் கட்டிச் சோப்பில் தண்ணீர் நிறைய இருக்கும். காயக் காய எடை குறையும், கட்டி இறுகும், தேய்மானம் குறைந்துவிடும். இரண்டு மாதம் அடுப்புச் சூட்டில் கிடந்த துண்டு மரக்கட்டை மாதிரி 'டக்' என்று சத்தம் கொடுக்கும். மச்சில் ஏறினால் மிளகாய் வற்றல், புளி, சோப்பு மூன்றும் கலந்த வாசனை. சோப்பின் வாசனை தனியாக எப்படி என்று கேட்டால், சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு பிசின் வாடை. பூ வாசனை, எலுமிச்சை வாசனை எல்லாம் கிடையாது.

அந்த சோப்பின் பெயர் 501. யாரோ கல்யாணத்துக்கு மொய் எழுதியது போன்ற பெயர். ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். அதனால் கடையில் அவளை யாரும் ஏமாற்ற முடியவில்லை. அந்தப் பெயரின் பெரிய சௌகரியம் அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தயாரித்தது டாடா ஆயில் மில்ஸ், 1917ல் தொடங்கி, கொச்சிப் பக்கம் ஆலை வைத்துத் தேங்காய் எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்த கம்பெனி. நம் ஊரில் பாதிப் பேர் குளிக்கும் ஹமாமும் முதலில் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

நான் வளர்ந்தது கல்லிடைக்குறிச்சியில். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பித்தளை வாளியில் அழுக்குத் துணியும் மேலே இரண்டு துண்டு சோப்புமாகப் படித்துறைக்குப் போவோம். துணியை நனைத்து, விரித்து, காலருக்கும் வேட்டிக் கரைக்கும் மட்டும் இரண்டு தேய்ப்பு கூடுதலாகக் கொடுத்து, சுருட்டிக் கும்மினால் போதும். அந்தத் தண்ணீரில் நுரை வந்த விதத்தை எப்படிச் சொல்வது? பால் பொங்குகிற மாதிரி வரும். துணியைப் பிழிந்தால் விரல் இடுக்கில் எல்லாம் வெள்ளையாக நிற்கும். இரண்டு அலசலில் சுத்தமாகப் போய்விடும். நான் நுரையைக் கைநிறைய அள்ளி ஊதி விளையாடியதும், கீழ்ப்படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஆச்சியோடு சண்டைக்கு வந்ததும் வாரா வாரம் நடக்கும். அவர்கள் சண்டை போட்டதில் நியாயம் உண்டு.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழையது எல்லாம் பொன் என்று பாடுகிற கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். எந்தக் கட்டிச் சோப்பிலும் தொடர்ந்து துவைத்தால் வெள்ளைத் துணி நாளாக ஆக மங்கும். இழைக்குள் சோப்பின் மிச்சம் தங்கி லேசாகப் பழுப்பு ஏறும். அதனால்தான் நீலம். பழுப்பின்மேல் மெல்லிய நீலம் ஏறினால் கண்ணுக்கு அது வெள்ளை. துணி வெளுக்கவில்லை, நம் கண்தான் ஏமாறுகிறது.

எங்கள் வீட்டில் ராபின் தூள் நீலம். ஒரு சிட்டிகையைப் பழைய துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பிழிந்து கரைப்போம். தண்ணீர் வானத்து நீலத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். வெள்ளைத் துணியை ஒரே முக்காக முக்கி உடனே எடுத்துவிட வேண்டும். இது ஆச்சியின் வேலை, எங்களைத் தொட விட மாட்டாள். எட்டாவது படித்தபோது ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். நான் பெரிய மனுஷி மாதிரி, முடிச்சுக் கட்டாமல் தூளை நேராக வாளியில் கொட்டிவிட்டேன். மறுநாள் என் பள்ளிச் சட்டையின் முதுகில் நீலத் தீவுகள். கணக்கு டீச்சர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, "இது எந்த நாட்டு மேப்பு?" என்று வகுப்பைக் கேட்டார். அந்தச் சட்டை ஆறு மாதம் அப்படியே இருந்தது, வேறு சட்டை இல்லை.

பிறகு சொட்டு நீலம் வந்தது. ரீகல் கொஞ்ச நாள், அப்புறம் உஜாலா. திருச்சூர்க்காரர் ராமச்சந்திரன் 1983ல் சிறிய அளவில் தொடங்கியது உஜாலா. தூள் மாதிரி அடியில் தங்காமல் தண்ணீரோடு கலந்துவிடும். நாலு சொட்டுக்கு மேல் போகாமல் இருந்தால் தீவுகள் வராது. முடிச்சுத் துணி அன்றோடு போனது. இந்த ஒன்றில் எனக்குப் பழையதன்மேல் ஏக்கம் துளியும் இல்லை.

வீட்டுக்குத் தூள் வந்தது அம்மாவின் காலத்தில். சர்ஃப் 1959லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது என்றாலும், எங்கள் வீட்டில் அது சம்பளத் தேதியை ஒட்டி வருகிற விருந்தாளி. அட்டைப் பெட்டியில் இருக்கும். அப்பாவின் வெளியூர்ச் சட்டைக்கும் அம்மாவின் நைலக்ஸ் சேலைக்கும் மட்டும் ஒரு கரண்டி. பெட்டி காலியானதும் நான் கலர் பென்சில் போட்டு வைத்துக்கொள்வேன், பென்சில் எல்லாம் சர்ஃப் மணக்கும். குஜராத்தில் கர்சன்பாய் படேல் 1969ல் வீட்டுக் கொல்லையில் கலந்து, சைக்கிளில் வைத்து விற்கத் தொடங்கிய நிர்மா, பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூபாய்க்கு விற்றபோது மூன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. தூள் என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்கும் தினப்படிச் சரக்காக மாறியது அந்த விலையால்தான். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் மஞ்சள் தூள் முளைத்தது.

அப்படி முளைத்த பெயர் தெரியாத ஒன்றை அம்மா இரண்டு வருடம் வாங்கினாள். உள்ளூரில் யாரோ கலந்து பாக்கெட் போட்டது. சலவைச் சோடாவை அள்ளிக் கொட்டியிருப்பார்கள் போல. அழுக்கு போனது, கூடவே அம்மாவின் விரல் நுனித் தோலும் போனது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புளி கரைத்தால் எரியும் என்று ரசம் வைக்கிற வேலை என்னிடம் வந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல், மச்சில் இருந்து ஒரு துண்டு 501 எடுத்து வந்து கிணற்றடியில் வைத்துவிட்டுப் போவாள். மாமியார் மருமகள் சண்டை எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது.

டிடர்ஜென்ட் கட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விஷயம் இல்லை. ரின் நீலக் கட்டி 1969ல் வந்தது, விளம்பரத்தில் மின்னல் வெட்டும், பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். கட்டியாகவும் இருக்கும், தூள் மாதிரி வேலையும் செய்யும் என்பதுதான் சங்கதி. பொன்வண்டு இன்றைக்கும் கிடைக்கிறது, அதனால் அதற்கு இங்கே இரங்கல் தேவையில்லை.

கல்யாணமாகி 1995ல் சென்னைக்கு வந்தேன், மடிப்பாக்கம். சீரோடு ஆச்சி கொடுத்தனுப்பிய காய்ந்த சோப்புத் துண்டுகள் பன்னிரண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை போர்வெல் தண்ணீரில் அவர் வேட்டியை நனைத்துத் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தேன். தண்ணீரின் மேல் திரிந்த பால் மாதிரி சாம்பல் நிறத் திப்பிகள் மிதந்தன. வாளிக்குள் விரலால் ஒரு கோடு போட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அலசினால் அதுவே வேட்டியில் ஏறிக்கொண்டது. மாடியில் காய்ந்து எடுத்தபோது வேட்டி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல இப்படித்தான் தோய்ப்பீங்களாம்மா?" என்றார். பதில் சொல்லவில்லை. மறுநாள் தூள் பாக்கெட் வாங்கிவிட்டேன். ஆச்சியின் துண்டுகள் இரண்டு வருடம் குளியலறை அலமாரியில் கிடந்து, மிதியடி துவைத்தே தீர்ந்தன.

அப்புறம் ஊருக்குப் போகும்போதெல்லாம் கடையில் கேட்பேன். முதலில் இருந்தது, பிறகு எப்போதாவது வந்தது, அப்புறம் "அதெல்லாம் இப்ப வாரதில்ல" என்றார் அண்ணாச்சி. டாடா ஆயில் மில்ஸை 1993ல் இந்துஸ்தான் லீவரோடு இணைத்த செய்தியை எங்கோ படித்திருந்தேன். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கி, என் சோப்பையும் விழுங்கிவிட்டது என்று கதை கட்டிக்கொண்டேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லியும் வந்தேன். சொல்லச் சொல்ல அந்தக் கதை எனக்கே உறுதியாகிவிட்டது.

இரண்டு வருடம் முன்பு மேல் வீட்டுக்குக் குடிவந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு சன்லைட் கட்டி கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா, எங்கட பக்கம் சவர்க்காரம் எண்டால் இதுதான்." 1888ல் கல்கத்தாத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, இந்தியாவுக்குக் கம்பெனிச் சோப்பைப் பழக்கிய பெயர் சன்லைட். ஆச்சி 501 கிடைக்காத மாதத்தில் வேண்டாவெறுப்பாக வாங்குவது. ஆசையாகக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கைக்குட்டையைத் தேய்த்தேன். அதே திப்பி, அதே பிசுபிசுப்பு. அந்தப் பெண்ணிடம் "அருமையாக இருந்தது" என்று பொய் சொன்னேன்.

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்த பையன் எங்கள் போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை முக்கி 1,400 என்று காட்டினான். "கடுப்புத் தண்ணிம்மா. சோப்பே போடாது," என்றான். அவனுக்கு அது வெறும் தகவல். எனக்கு முப்பது வருடக் கோபம் இடம் மாறி உட்கார்ந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத திப்பியாக்கிவிடும். அந்தச் சத்து முழுவதும் தீரும் வரை நுரைக்கு மிச்சம் கிடையாது. டிடர்ஜென்ட் அப்படிச் சிக்குவதில்லை, கடுந்தண்ணீரிலும் ஓரளவு வேலை பார்க்கும். அதற்கு மூலப்பொருளான எல்.ஏ.பி. (லீனியர் ஆல்கைல் பென்சீன்) என்ற ரசாயனத்தை, இதே சென்னையில் மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில்தான் பெட்ரோலியத்தில் இருந்து தயாரிக்கிறார்கள். ஆறும் குளமும் விட்டு எல்லோரும் போருக்கு மாறிய காலத்தில் எந்தக் கம்பெனி நடத்தியிருந்தாலும் 501 இந்த ஊரில் என்ன செய்திருக்க முடியும்?

சரி, அந்தச் சத்து இல்லாத மழைத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று, கிராமத் தொழில் கடை ஒன்றில் மஞ்சள் பார் வாங்கினேன். அடுப்படிக்கு மேலே இப்போது சிம்னி இருப்பதால் பால்கனிக் கம்பியில் இரண்டு மாதம் காயவைத்தேன். கார்த்திகையில் நல்ல மழை அடித்த ராத்திரி, மொட்டை மாடிக் குழாயைக் கழற்றி, முதல் தண்ணீரை ஓடவிட்டுவிட்டு இரண்டு வாளி பிடித்து வைத்தேன்.

காலையில் அவர் வேட்டி ஒன்றை எடுத்து நனைத்தேன். மூன்றாவது தேய்ப்பிலேயே கை வழுக்கியது. நான்காவதில் நுரை கரையைத் தாண்டி மணிக்கட்டு வரை வந்தது. கும்மக் கல் இல்லாததால் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுக் கும்மினேன். வேட்டி போர் தண்ணீரில் ஊறிய பழைய பழுப்பை விட்டு, வாளித் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்துக்கு மாறியது. காய்ந்ததும் துணி விறைக்கவில்லை, மடித்தால் மடிந்தது. மணம் மட்டும் வேறு. பிசின் வாடை இல்லை, வெறும் எண்ணெய் வாடைதான்.

தினசரிக்கு இது ஆகாது. துவைக்கும் மெஷினில் கட்டிச் சோப்புக்கு வேலை இல்லை, எனக்கும் முட்டி வலி. ஆனால் மீதிப் பாரை நூலால் அறுத்து அடுக்கி வைத்திருக்கிறேன், ஆறு துண்டு. மொட்டை மாடியில் ஒரு டிரம் வைக்க அசோசியேஷனில் அனுமதி கேட்டிருக்கிறேன். "எதுக்கு மேடம்?" என்று செயலாளர் கேட்டார். வேட்டி துவைக்க என்றேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.