காது மங்கிய அப்பாவுக்குத் தமிழ் எழுத்தில் மலையாளம்: ஏஎஸ்பி பிளேயரும் அக்ஷரமுகமும் எங்கள் வீட்டில்

அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் பேசவரும், சண்டை போடுகிற அளவுக்கு வரும். ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர் கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற தேனி மாவட்டக் கூடலூர். இங்கிருந்து விடிகாலை ஜீப் பிடித்துக் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடைக்கு எடை போடப் போனவர், முப்பத்திரண்டு வருஷம் அதே வேலை. மொழியைக் காதால் மட்டுமே கற்றுக்கொண்டார். எல்லையோரத்தில் இப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பேச்சு வரும், எழுத்து வராது.

நான்கு வருஷமாக அப்பாவுக்குக் காது மங்கிப்போய்விட்டது. மெஷின் வைத்தால் எதிரே உட்கார்ந்து பேசுவது கேட்கும், டிவி வசனம் வெறும் இரைச்சலாக வருகிறது என்கிறார். அவருக்கு மலையாளப் படம்தான் உயிர். தமிழ்ப் படத்துக்காவது தமிழ் சப்டைட்டில் சில சமயம் கிடைக்கிறது, மலையாளப் படத்துக்கு நான் பார்த்தவரை இங்கிலீஷ்தான், எப்போதாவது மலையாளம். இரண்டும் அவருக்குப் படிக்க வராது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆறு மாதம் ஆகிறது. என்ன பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கிற வீடுகளுக்கு உதவும்.

முதலில் கருவி. ஏஎஸ்பி பிளேயர் என்று குரோம் பிரவுசருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்கிற சின்ன மென்பொருள், இருக்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். படம் ஓடுகிற பக்கத்தைத் திறந்து, நம்மிடம் இருக்கிற சப்டைட்டில் கோப்பை மவுஸால் இழுத்து அந்தப் படத்தின் மேலேயே போட்டால் போதும், எழுத்து ஓட ஆரம்பித்துவிடும். படத்தை அது தொடுவதே இல்லை. பக்கத்தில் ஓடுகிற வீடியோவின் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே எழுத்தைக் கண்ணாடித் தாள் மாதிரி வைக்கிறது. அதனால்தான் படத்தை இறக்கி வைக்க வேண்டியதில்லை, சந்தா கட்டிப் பார்க்கிற படத்துக்கே நம் எழுத்தைப் போட்டுக்கொள்ள முடிகிறது. இதற்கு முன்னால் வேறொரு எக்ஸ்டென்ஷன் போட்டுப் பார்த்தேன், திரை முழுக்கப் படத்தைப் பெரிதாக்கியதும் எழுத்து காணாமல் போய்விடும், அதை அன்றே எடுத்துவிட்டேன்.

ஏஎஸ்பி பிளேயரை உண்மையில் மொழி கற்பவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள், ஜப்பானிய மொழி படிப்பவர்கள் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். வார்த்தையை அட்டையில் ஏற்றி மனப்பாடம் செய்வதற்கான பொத்தான்கள் நிறைய இருக்கும், நமக்கு அவை தேவையில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். ஆனால் அதே காரணத்தால்தான் அப்பாவுக்கு மிகவும் உதவிய ஒரு வசதி அதில் இருக்கிறது. ஒவ்வொரு வசனமும் முடிந்ததும் படம் தானாக நிற்கும்படி வைக்கலாம். அப்பா எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பவர், பேப்பரையே ஒரு மணி நேரம் படிப்பார். முதல் படத்தை முழுக்க அப்படித்தான் பார்த்தோம், அவர் படித்துவிட்டுத் தலையாட்டினால் நான் ஸ்பேஸ் பாரைத் தட்டுவேன். இரண்டு மணி நேரப் படம் ஐந்து மணி நேரம் ஓடியது. இரண்டாவது படத்தில் பாதியிலேயே, நிறுத்த வேண்டாம், ஓடவிடு என்றார்.

எழுத்தின் அளவு, நிறம், இடம் எல்லாம் மாற்றலாம். தமிழுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, போனால் கண் எழுத்திலேயே நின்றுவிடும், முகத்தைப் பார்க்காது.

சரி, கருவி ஐந்து நிமிஷ வேலை. கோப்புதான் வேலை.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இங்கிலீஷ் சப்டைட்டில் கோப்பை எடுத்து, மெஷின் மொழிபெயர்ப்பில் கொடுத்துத் தமிழாக்கினேன். வந்ததைப் படித்துவிட்டு அப்பா, "ஏத்தா, இவன் அம்மாகிட்டப் போயி நீங்கள்னு பேசுறான், யாரு வீட்ல இப்பிடிப் பேசுறாங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மலையாளத்தில் 'நீ' ஒன்று, 'நிங்ஙள்' ஒன்று, 'தான்' ஒன்று என்று மரியாதைக்கு அளவு அளவாக வார்த்தை இருக்கிறது. இங்கிலீஷில் இறங்கும்போது எல்லாம் ஒரே 'யூ' ஆகிவிடுகிறது, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது இயந்திரம் எதையோ ஒன்றை எடுத்து வைக்கிறது. 'சேட்டா' என்பது 'பிரதர்' ஆகி 'சகோதரரே' என்று திரும்பி வந்தது. 'அளியா' என்று மச்சானைக் கூப்பிடுவது வேறு என்னவோ ஆனது. பக்கத்து வீட்டு பாஷை, சீமைக்குப் போய்ச் சுற்றிவிட்டு அந்நியனாகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் யோசித்தேன். அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? மலையாளம் அவருக்குத் தெரியுமே. தெரியாதது எழுத்து மட்டும்தானே. மலையாள வசனத்தையே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன?

இதற்கு அக்ஷரமுகம் என்கிற தளம் இருக்கிறது, வினோத் ராஜன் உருவாக்கியது, இதுவும் இலவசம். நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்து முறைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும். மலையாளச் சப்டைட்டிலை அப்படியே ஒட்டித் தமிழ் என்று கொடுத்தால் தமிழ் எழுத்தில் வந்துவிடும். ப-வில் நான்கு வகை, க-வில் நான்கு வகை என்பதற்காக எழுத்துக்கு மேலே சின்ன எண் போட்டுக் காட்டும், வேண்டாமென்றால் அதை எடுத்துவிடலாம். நான் எடுத்துவிட்டேன். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று அப்பாவின் நாக்குக்குத் தெரியும், எண் அவருக்குத் தடங்கல்தான்.

மாற்றி வந்ததை அப்படியே போட முடியாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மலையாளத்தில் வீடு, நாடு, உண்டு போன்ற சொற்களின் கடைசியில் அரைகுறையாக ஓர் உகரம் ஒலிக்கும், எழுத்தில் அதற்குப் பிறை மாதிரி ஒரு குறி போடுவார்கள், சந்திரக்கலை. மாற்றும்போது அது நம் புள்ளியாகிவிடுகிறது. வீட், நாட், உண்ட் என்று வந்து நிற்கும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே கை கொடுத்தது: சொல்லின் கடைசியில் ட், ற், க், த் வந்தால் டு, று, கு, து என்று மொத்தமாக மாற்றிவிட்டேன், டிக்கெட் மாதிரி இங்கிலீஷ் சொற்களை மட்டும் கண்ணால் பார்த்து விட்டுவைத்தேன். 'என்டெ' என்று ஒலிக்க வேண்டியது 'என்றெ' என்று வரும், அதையும் ஒரே தட்டில் மாற்றலாம்.

ன்-தான் சிக்கல். 'அவன்' என்றால் அவன்தான். 'அவனு' என்றால் அவனுக்கு. மலையாளத்தில் இரண்டையும் வேறுவேறாக எழுதுகிறார்கள், தமிழ் எழுத்துக்கு வந்ததும் இரண்டுமே 'அவன்' ஆகிவிடுகிறது. ஒரு காட்சியில் தங்கச்சி, அவனுக்குக் காசு கொடு என்கிறாள், அப்பா படித்தது அவன் காசு கொடு என்று. யார் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மூன்று தரம் பின்னால் ஓட்டச் சொன்னார். இப்போதெல்லாம் மாற்றுவதற்கு முன்பே மலையாளக் கோப்பில் சொல்லின் கடைசியில் அந்தப் பிறை போட்ட ன-வை மட்டும் தேடி 'னு' ஆக்கிவிடுகிறேன், பிறகுதான் அக்ஷரமுகத்தில் கொடுக்கிறேன்.

எல்லாம் முடிந்தபின் கோப்பில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

212
00:18:42,500 --> 00:18:44,900
எந்தா சேட்டா, ஊணு கழிச்சோ?

வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி. எஸ்ஆர்டி கோப்பு என்பது இவ்வளவுதான், நோட்பேடிலேயே திருத்தலாம். நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவில் காற்புள்ளி இருக்க வேண்டும். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் (என்கோடிங்) என்கிற இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடு தானாக அப்படிச் சேமிக்காது, தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், நான் ஒரு ராத்திரி வேலையை அப்படித் தொலைத்தேன்.

மலையாளச் சப்டைட்டிலுக்கு எங்கே போவது? மலையாளப் படங்களில் சிலவற்றுக்குத்தான் மலையாளத்திலேயே வசனம் கிடைக்கிறது. கிடைக்காத ஒரு படத்துக்கு நானே கேட்டுக் கேட்டுத் தட்டினேன், சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் இங்கிலீஷ் கோப்பைத் திறந்து, நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் மாற்றி மாற்றி. ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனால் உலகப் படங்களுக்கு மலையாளிகள் பெரிய வேலை செய்து வைத்திருக்கிறார்கள். எம்சோன் என்ற குழு 2012இலிருந்து தன்னார்வமாக வெளிநாட்டுப் படங்களுக்கு மலையாளச் சப்டைட்டில் எழுதி இலவசமாகத் தருகிறது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஈரான், கொரியா, ஜப்பான் எல்லாம். நல்ல பேச்சு மலையாளம். அதை எடுத்துத் தமிழ் எழுத்தாக்கினேன். ஒரு ஈரானியப் படத்தை, வண்டன்மேட்டில் பழகிய மலையாளத்தில், தமிழ் எழுத்தில், எழுபத்து மூன்று வயதில் அப்பா உட்கார்ந்து பார்த்தார். முன்பெல்லாம் அந்தப் படங்களை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

நேரம் பொருந்தாமல் போவது அடிக்கடி வரும். ஆரம்பத்தில் வருகிற கம்பெனி லோகோவின் நீளம் மாறினாலே இரண்டு மூன்று நொடி தள்ளிப்போகும். அதற்கு ஏஎஸ்பி பிளேயரில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒரு தட்டுக்கு 100 மில்லிநொடி நகரும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வேறு நோய். நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) ஓடுகிற பிரதிக்காகச் செய்த கோப்பை 23.976 பிரேம் பிரதிக்குப் போட்டால் இரண்டு மணி நேரப் படத்தின் கடைசியில் கிட்டத்தட்ட 5 நிமிஷம் விலகிவிடும். அதை அம்புக்குறியால் சரிக்கட்ட முடியாது, சப்டைட்டில் எடிட்டில் பிரேம் ரேட்டை மாற்றுகிற இடம் இருக்கிறது, இதிலிருந்து அதற்கு என்று சொன்னால் முழுக் கோப்பையும் சரிசெய்துவிடும்.

மாட்டிக்கொண்ட ஒரே இடம், விளம்பரத்தோடு ஓடுகிற ஒரு தளத்தில். நடுவில் விளம்பரம் வந்தால் கடிகாரமே நகர்ந்துபோகிறது, ஒவ்வொரு தடவையும் மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. விளம்பரம் இல்லாத சந்தாவில் இந்தத் தொல்லை இல்லை. டிவியில் இருக்கிற ஆப்பில் இதெல்லாம் நடக்காது, கணினியில் குரோம் வேண்டும். தளத்தில் இருக்கிற காஸ்ட் பொத்தானைத் தட்டிக் கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பினாலும் படம்தான் போகும், நம் எழுத்து கூடப் போகாது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பை டிவியில் மாட்டிவிடுங்கள். கூடத்தின் அளவு பார்த்து நீளமாக வாங்குங்கள்.

அம்மாவுக்கு உத்தமபாளையம், மலையாளம் அவ்வளவாக வராது. 'சம்சாரம் மதியாக்கு' என்று எழுத்து ஓடியதும் எந்தச் சம்சாரத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று கேட்டார். அங்கே சம்சாரம் என்றால் பேச்சு, பேச்சை நிறுத்து என்கிறான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வெள்ளம் என்றால் தண்ணீர், பனி என்றால் காய்ச்சல், பட்டி என்றால் நாய். ஏஎஸ்பி பிளேயரில் இரண்டு கோப்பையும் சேர்த்துப் போடலாம் என்பதால் இப்போது மேலே அப்பாவின் மலையாளம், கீழே அம்மாவுக்கு நான் கையால் திருத்திய தமிழ். திரை கொஞ்சம் நிறைந்துதான் போகிறது, அவர்கள் இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

போன வாரம் பார்த்த படம் கேரளத்துக் கட்டப்பனைப் பக்கத்துக் கதை. எஸ்டேட் காட்சியில் ஒருவன் பேசிய வசனத்தைப் படித்துவிட்டு அப்பா, இந்த எழுத்தில் 'போயிக்கோ' என்று இருக்கிறதே, அவன் வாய் அசைவதைப் பார்த்தால் 'பொய்க்கோ' என்கிறான், அந்தப் பக்கம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். ஹெட்போன் போட்டு மறுபடி ஓட்டிக் கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. திருத்திச் சேமித்தேன்.