காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கழகத் தாள்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

இந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூணையும் எனாமல் தூக்குச்சட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பழைய காகிதம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பொதுக்கூட்ட நோட்டீஸ், மாநாட்டு மலர், கட்சி இதழ் எல்லாம் கட்டாக வரும். தி.மு.க. எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்பதை இவற்றில் படிப்பதுபோல் வேறெதிலும் படிக்க முடியாது. பின்னால் எழுதும் வரலாற்றைத் திருத்தலாம், அன்றைக்கே கையில் கொடுத்த நோட்டீஸைத் திருத்த முடியாது.

முதலில் காலத்தை உறுதி செய்யுங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957–64. அடுத்தது எழுத்து. லை, ணை, னை மூன்றும் இன்றைய வடிவத்துக்கு அரசாணையால் வந்தது 1978இல். அதற்கு முன் கொம்பு வளைந்த பழைய வடிவம்தான். ஆகவே '1957 தேர்தல் நோட்டீஸ்' என்று தருவதில் புது 'லை' இருந்தால் அது மறு அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரியாரின் இதழ்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவர் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டார்.

இனி உள்ளே இருப்பது. 1949இல் பெரியாரின் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்தபோது 'திராவிடர்' என்பதில் 'ர்' போய்த் 'திராவிட' ஆனது. இனத்தைச் சொன்ன பெயர் நிலத்தைச் சொல்லும் பெயரானது. கடவுள் மறுப்பு இருந்த இடத்தில் திருமூலரின் 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' வந்து உட்கார்ந்தது. 'அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு' என்ற முழக்கம் 1963 வரை. அந்த ஆண்டு பிரிவினைக்கு எதிரான 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் கோரிக்கை கைவிடப்பட்டது. 1967 நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரூபாய்க்கு 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'. நாட்டுக் கணக்கு அரிசிக் கணக்காகிவிட்டது. 1970 திருச்சி மாநாட்டுத் தாளில் 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி'. தனிநாடு கேட்ட ஆசை உரிமைப் பங்கு கேட்கும் குரலாக மாறியது இங்கேதான். எங்கள் கணிப்பில் இந்தத் தாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

உள்ளூர் நோட்டீஸில் பேச்சாளர் பட்டியலை விடாதீர்கள். 1961க்கு முன் ஈ.வெ.கி. சம்பத், சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் பெயர்கள் இருக்கும். அதன்பின் இருக்காது; இருவரும் கழகத்தை விட்டுப் போன ஆண்டு அது. இந்த ஊரின் திராவிட இயக்கக்காரர் காரைக்குடி இராம. சுப்பையாவின் பெயர் உள்ள தாள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

குறை என்றால் பிரேம்தான். பிரேமில் அடங்கவேண்டும் என்று கடைக்காரர்கள் அடி ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் இருப்பது அந்த வரியில்தான். அது போனால் தாளின் சாட்சியே போயிற்று. லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது, மரக்கூழ்த் தாளின் அமிலம் உள்ளே இருந்தபடி தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். செலோடேப் ஒட்டியதும் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். செல்லரித்த கட்டாக இருந்தாலும் பிரேம் போடாததையே கேட்டு வாங்குங்கள். ஒற்றைத் தாளாகப் பொறுக்காதீர்கள். ஒரே ஊர், பத்து வருஷம், ஒரே கட்டு என்று கிடைத்தால்தான் மாற்றம் தெரியும்.

தி.மு.க. 1999இல் பா.ஜ.க.வோடும் 2004இல் காங்கிரசோடும் சேர்ந்த காலத்துக்கு இந்தத் தெருவை நம்பவேண்டாம். நோட்டீஸ் இருந்த இடத்துக்கு ப்ளெக்ஸ் வந்துவிட்டது, அதை யாரும் கட்டிவைப்பதில்லை. அதற்குத் தேர்தல் அறிக்கைப் புத்தகங்களைத் தேடுங்கள். வாங்கியதை ஒப்பிட, பக்கத்துக் கோட்டையூரில் சேர்த்த தொகுப்பில் பிறந்த ரோஜா முத்தையா நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. போகும்போது தாளை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள்.