கோட்டையும் கடலும்: வடசென்னையிலிருந்து போக பழவேற்காடா, தரங்கம்பாடியா, சதுரங்கப்பட்டினமா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை குடியிருப்பவர்களுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரையே பெரும்பாலும் நமக்கு வாய்த்திருப்பதால், பிள்ளைகள் மணலில் ஓடியாடவும் பழைய கோட்டையொன்றைச் சுற்றிப் பார்க்கவும் ஒரே ஊர் அமையாதா என்ற கேள்வி விடுமுறை வந்தாலே எழுகிறது. அப்போது அடிபடும் பெயர்கள் மூன்று: பழவேற்காடு, தரங்கம்பாடி, சதுரங்கப்பட்டினம்.

கோட்டை என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தரங்கம்பாடிக்குப் போட்டியே இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கர் இடமளிக்க, 1620இல் டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி முழு உருவத்தோடு நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியக் கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவரது கல்லறை இருக்கும் புதிய எருசலேம் ஆலயம், கோட்டையிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகு துறைமுகத்தின் மவுசு குறைந்தது. பெரிய ஊராக வளராமல் போனதாலேயே அதன் பழைய வீதிகள் தப்பின என்று எனக்குத் தோன்றுகிறது. கரையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டதைப் பார்க்கும்போது, எண்ணூர்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது அயலூர்க் காட்சியாகவே தெரியாது.

பழவேற்காட்டின் நிலை வேறு. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக இருந்தது. 1690இல் அந்தத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இப்போது அங்கே அகழியின் தடமும் புதர் மூடிய மேடும்தான் மிச்சம். கோட்டை பார்க்கலாம் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

ஆனால் தொல்லியல் துறை பராமரிக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடும். அதன் நுழைவாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே கிடக்கும் கனத்த கற்பலகைகளில் பூவேலையும் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் வெட்டப்பட்டுள்ளன. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் பார்த்தால் எழுத்தின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை, 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழவேற்காட்டின் உண்மையான சொத்து அதன் ஏரிதான். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது இது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து சேறு கிளறி இரை தேடும். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் இங்குள்ள மீனவர்களிடம் இருக்கிறது. நண்டும் இறாலும் வாங்க விரும்புகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

கடற்கரை என்று வந்தால் தரங்கம்பாடியில் கோட்டை வாசலைத் தாண்டினால் மணல். பழவேற்காட்டிலோ ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஏரி கிடப்பதால், பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போக வேண்டும். முகத்துவாரத்தருகே நீரோட்டம் இழுக்கும். அங்கே யாரும் குளிக்க இறங்கக் கூடாது. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த இடம் இது என்பதால், படகில் அழைத்துப் போகிறோம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் செங்கல் மதில்களும் கிடங்குகளும் கல்லறைகளும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. பின்னால் மீனவக் குப்பமும் கடலும். அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் இதற்காக மட்டும் நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து தெற்கே போவது நமக்குக் கட்டுப்படியாகாது. மாமல்லபுரம் போகிறவர்கள் சேர்த்துப் பார்க்கலாம்.

போக்குவரத்துதான் இறுதியில் முடிவு செய்கிறது. திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தரங்கம்பாடிக்கு எழும்பூர் போய், மயிலாடுதுறை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் போக வேண்டும். ஓரிரவு தங்காமல் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு ஒரே நாள் விடுமுறைதான் என்றால், கோட்டை இல்லாவிட்டாலும் பழவேற்காட்டையே நான் சொல்வேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போலக் கிடைத்து, கோட்டையை முழுதாகப் பார்த்தே தீர வேண்டும் என்கிற பிள்ளையும் வீட்டில் இருந்தால், தயங்காமல் தரங்கம்பாடிக்கு முன்பதிவு செய்யுங்கள்.