நிக்கோவா, கமாகுராவா: வழிகாட்டிக்கு எங்கே காசு கொடுக்கலாம்?

‘நிக்கோவைப் பார்க்கும்வரை கெக்கோ என்று சொல்லாதே’ என்பது ஜப்பானியர் பழமொழி. கெக்கோ என்றால் அற்புதம் என்று பொருள். ‘போதும்’ என்றும் பொருள் உண்டு. டோக்கியோவில் தங்கியிருப்பவர்கள் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய பழைய ஊர் எது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும்: வடக்கே மலையில் நிக்கோ, தெற்கே கடலோரத்தில் கமாகுரா. இரண்டுக்கும் வழிகாட்டியோடு ஒருநாள் பஸ் பயணங்கள் உண்டு.

வேலை நிமித்தமாக டோக்கியோவில் ஏழு மாதம் இருந்தபோது இரண்டு ஊருக்கும் இரண்டிரண்டு முறை போனேன். நிக்கோவுக்கு முதலில் தனியாக, பிறகு வழிகாட்டியோடு. கமாகுராவுக்கு முதலில் வழிகாட்டியோடு, பிறகு தனியாக. தற்செயலாக அமைந்த இந்த வரிசையால்தான் எந்த ஊரில் ஆள் வேண்டும், எந்த ஊரில் வேண்டாம் என்று பிடிபட்டது.

நிக்கோவின் உயிர்நாடி தோஷோகு என்ற ஆலயம். ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர் (ஷோகுன்) தொகுகவா இயேயாசு 1616இல் இறந்தார்; அவரை அடுத்த ஆண்டே அங்கே தெய்வமாக்கிவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அவருடைய பேரன் இயேமிட்சு 1636இல் எழுப்பி முடித்தவை. முதல் முறை அங்கே தனியாக நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தங்கப்பூச்சு அதிகம். யோமெய்மோன் வாயிலில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் சிற்பங்கள். பொழுது சாயும்வரை நின்று பார்க்கலாம் என்பதால் அதற்கு ‘பொழுது சாயும் வாயில்’ என்றே பட்டப்பெயர். நான் பத்து நிமிடம் பார்த்தேன். கண், காது, வாயைப் பொத்திய மூன்று குரங்குகளின் சிற்பத்தைப் படம் எடுத்தேன், தூங்கும் பூனையைத் தேடிக் கண்டுபிடித்தேன், ரயில் ஏறினேன்.

இரண்டாம் முறை வந்த வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். வாயிலின் தூண்களில் ஒன்றின் முன் நிறுத்தி, ‘இதில் என்ன தப்பு?’ என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு தூண்களில் அந்த ஒன்றில் மட்டும் செதுக்கு வேலை தலைகீழாக இருக்கிறது. ஒரு கட்டடம் முழுமையானால் அன்றிலிருந்தே அதன் அழிவு தொடங்கிவிடும் என்ற நம்பிக்கையில், வேண்டுமென்றே வைத்த குறை. மற்றவர்கள் வியந்துகொண்டிருக்க, எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது: குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு!

குரங்குகளும் அப்படித்தான். குதிரைகளை நோயிலிருந்து காப்பவை குரங்குகள் என்பதால்தான் அவை லாயத்தின் மேல் இருக்கின்றன. அந்த மூன்றும் தனிச் சிற்பம் அல்ல. எட்டுப் பலகைகளில் ஓடும் ஒரு வாழ்க்கைக் கதையின் இரண்டாம் காட்சி. முதல் பலகையில் தாய்க் குரங்கு புருவத்தின் மேல் கைவைத்துக் குட்டியின் எதிர்காலத்தைப் பார்க்கிறது. கடைசிப் பலகையில் வளர்ந்த குட்டியே கருவுற்றிருக்கிறது. லாயத்துக்கு எதிரே உள்ள பண்டகசாலையின் நெற்றியில் இரண்டு யானைகள் உண்டு. யானையையே பார்த்திராத கானோ தன்யூ என்ற ஓவியர் வரைந்து கொடுத்த மாதிரி அது. காதும் வாலும் எந்தக் காட்டு யானைக்கும் சேராது. யானையைக் கோயில் வாசலிலேயே பார்த்து வளர்ந்தவன் நான்; முதல் முறை தலை நிமிர்ந்து பார்க்காமலேயே அதைக் கடந்து போயிருக்கிறேன்.

உள்ளே மருந்து புத்தரின் மண்டபத்தில் கூரையில் ஒரு டிராகன் ஓவியம். துறவி இரண்டு மரக்கட்டைகளை அதன் வாலடியில் தட்டினால் வெறும் ‘டக்’. தலைக்கு நேர் கீழே தட்டினால் மணியை ஆட்டியதுபோல் ரீங்காரம் நீண்டுகொண்டே போகிறது. விளக்கம் ஜப்பானிய மொழியில் மட்டும். வழிகாட்டி காதோடு சொல்லாமல் போயிருந்தால் இந்த வித்தியாசத்தை நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

கமாகுரா நேர் எதிர். அங்கே போன பஸ்ஸின் நிறுவனப் பெயர் வேண்டாம். காலையில் ஒரு நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம், மதியச் சாப்பாட்டில் ஒரு மணி நேரம், ஊரின் பெரிய புத்தர் சிலைக்கு முப்பது நிமிடம். ஹசெதெரா கோயில் நடந்தே போகும் தூரத்தில் இருந்தும், ‘நேரமில்லை’ என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான மரத்தாலான பதினொருமுகக் கண்ணோன் என்ற கருணைத் தெய்வம் அங்கேதான் இருக்கிறாள்.

அடுத்த மாதம் டோக்கியோ ரயில் நிலையத்திலிருந்து நானே போனேன். ஒரு மணி நேரத்துக்குள் கமாகுரா. அங்கிருந்து, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும் எனோதென் குட்டி ரயிலில் மூன்றாவது நிறுத்தம் ஹசெ. 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலப் புத்தர். பீடம் நீங்கலாக 11.3 மீட்டர், சுமார் 121 டன். மேலே இருந்த மண்டபத்தைப் புயலும், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடற்பேரலையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அதன் பிறகு வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இதற்கு என்ன உரை வேண்டும்? 50 யென் கொடுத்தால் சிலைக்குள்ளேயே நுழையலாம். அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தையல்கள் உட்சுவரில் வரிவரியாகத் தெரிகின்றன. வெயில் நாளில் அந்த வெண்கலம் உள்ளே அடுப்புபோல் சுடுகிறது.

அதே வளாகத்தில் ஒரு நினைவுக்கல். முதல் முறை பஸ் கூட்டத்தில் கண்ணில் படவில்லை. 1951இல் சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் ஜப்பானுக்காகப் பேசிய இலங்கையின் ஜே.ஆர்.ஜெயவர்த்தனாவுக்கு எழுப்பியது, பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்று அவர் அங்கே எடுத்துச் சொன்ன தம்மபத வாக்கும் அதில் இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் யார் ஜனாதிபதி என்பது நினைவிருக்கும் தமிழர் அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்வார். நான் நின்றேன். எந்த வழிகாட்டியும் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

மாலையில் குன்றேறி ஜெனியராய் பென்தென் கோயில். பாறைச் சுரங்கவழியே உள்ளே நுழைந்தால் குகையில் ஒரு சுனை. மூங்கில் கூடையில் காசைப் போட்டுக் கழுவினால் பலமடங்காகும் என்று நம்பிக்கை. அங்கே குடியிருக்கும் பென்சைதென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். லட்சுமியின் இலாகாவும் அவளிடமே வந்திருக்கிறது. நானும் ஒரு நூறு யென் காசைக் கழுவினேன். இன்றுவரை நூறு யென்தான்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு இரண்டு ஊரும் சிரமம். நிக்கோவின் சிறப்பு யுபா எனப்படும் சோயாப்பால் ஆடை. கமாகுராவில் கென்சின் என்ற காய்கறிச் சூப். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், இரண்டிலும் மீன்சாறு கலந்திருக்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோரோடு போவதானால் கமாகுரா. தோஷோகுவில் இயேயாசுவின் சமாதிக்கு மட்டும் 207 கற்படிகள்.

ஆக, நிக்கோவுக்கு வழிகாட்டியோடு போங்கள், கமாகுராவுக்குத் தனியாக. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் நான் நிக்கோவைச் சொல்வேன், இலையுதிர்கால வார இறுதி நீங்கலாக. அப்போது நிக்கோவின் கெகோன் அருவிக்கு ஏறும் இரோஹாசகா மலைப்பாதையில் இருபது வளைவுகள் ஏறி இருபத்தெட்டு இறங்குவதற்குள் நாள் முடிந்துவிடும். பதிவு செய்யும்போது தோஷோகுவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இரண்டுக்குக் குறைவு என்றால் வேறு பஸ் பாருங்கள்.